ஏர் ஸ்க்ரூவை யார் திருகுவது?

2003-ஆம் வருடம் தமிழ்நாட்டு ரோட்டுக்கு இரண்டு விஷயங்கள் வந்தன. ஜனவரியில், பெட்ரோலில் 5 சதவீதம் எத்தனால் கலந்து விற்கும் திட்டத்தை மத்திய அரசு ஒன்பது மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு அதில் ஒன்று. மே மாதம் ஹீரோ ஹோண்டா கம்பெனி கரிஸ்மா என்ற 223 சிசி வண்டியை அறிமுகம் செய்தது. முதல் செய்தியை அப்போது நான் கவனிக்கவே இல்லை. இரண்டாவதை மதுரையில் காலேஜ் வாசல், டீக்கடை எல்லா இடத்திலும் பேசினார்கள். இருபது வருடம் கழித்து அந்த முதல் விஷயம் இந்த இரண்டாவது விஷயத்தின் கார்புரேட்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

கரிஸ்மாவைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஏர் கூல்ட் ஒற்றை சிலிண்டர், 17 குதிரைத்திறன், முன்னால் பாதி ஃபேரிங், 15 லிட்டர் டேங்க். ரேஸ் வண்டி இல்லை. ஆனால் நாள் முழுக்க வேகமாக ஓட்டலாம். வெளிநாட்டில் 'ஸ்போர்ட் டூரிங்' என்று ஒரு வகை சொல்வார்களே, அதற்கு நம்ம ஊரில் சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலையில் வந்த முதல் வண்டி என்று இதைச் சொன்னால் பெரிய சண்டை வராது. லிட்டருக்கு 35 கொடுத்தாலே ஒரு டேங்கில் மதுரையிலிருந்து சென்னை போய்ச் சேரலாம். கொடுக்கிறதா என்பது டியூனிங்கைப் பொறுத்தது.

டியூனிங் என்று மெக்கானிக் கடையில் சொல்வதை உரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று விஷயம் இருக்கும். காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்கிறது, பிளக்கில் பொறி எப்போது விழுகிறது, வால்வு எப்போது எவ்வளவு திறக்கிறது. பைக்கின் நூறு வருடச் சரித்திரத்தில் இந்த மூன்றும் யார் கையில் இருந்தன என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு தெளிவான கதை கிடைக்கிறது. முதலில் ஓட்டுகிறவன் கையில். அப்புறம் வண்டியைப் பிரிக்கிறவன் கையில். அப்புறம் ஒரு கறுப்புப் பெட்டிக்குள். கரிஸ்மா இந்த இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கிற வண்டி. எனக்கு அதன் மேல் இருக்கும் ஈடுபாட்டுக்கு அதுதான் காரணம். என் வீட்டில் ஒன்று நிற்பது இரண்டாவது காரணம்.

தமிழ்நாட்டில் வீட்டில் வைத்து பைக்கைப் பிரித்தவர் கதை என்றால் ஜி.டி.நாயுடுவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஒரு வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊர்ப்பக்கம் வந்ததைப் பார்க்கிறார். அதை வாங்கியே தீர வேண்டும் என்று கோயம்புத்தூரில் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கி, வாங்கியதும் ஓட்டாமல் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டினார் என்பது கொங்கு நாட்டில் பாட்டிகள் வரைக்கும் தெரிந்த கதை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் சொந்தமாக பஸ் ஓட்டினார். அப்புறம் நடந்தது எல்லாம் வேறு புத்தகம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் நாயுடுவின் மேதைமையைச் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் காலத்து வண்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1910-களின் பைக்குகளில் ஹேண்டில்பாரில் சின்னச் சின்ன லீவர்கள் இருக்கும். ஒன்று த்ராட்டில், ஒன்று காற்று. பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே தள்ள இன்னொன்று. எஞ்சினுக்கு ஆயில் போகிறதா என்றால், அதுவும் தானாகப் போகாது. டேங்க் பக்கத்தில் ஒரு கைப்பம்பு இருக்கும், சில மைலுக்கு ஒரு தடவை அழுத்த வேண்டும். ஏற்றம் வந்தால் ஒரு மாதிரி, வெயில் ஏறினால் ஒரு மாதிரி என்று ஓடும்போதே டியூனிங் நடந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட வண்டியை உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் பத்து மைல் ஓட்ட முடியாது. பிரித்துப் பார்க்கத் தூண்டியதில் அந்த வண்டிக்கும் பங்கு உண்டு.

மதுரைக்கு வருவோம். இங்கே மோட்டார் என்றால் டி.வி.சுந்தரம் அய்யங்கார். திருக்குறுங்குடிக்காரர், 1912-ல் பஸ் விட ஆரம்பித்தவர். மேலவெளி வீதி டிவிஎஸ் கட்டடம் இன்றும் ஊருக்கு ஒரு அடையாளம். பஸ் ஓட்டியதை விட அதைப் பழுது பார்க்கும் பட்டறையை ஒழுங்காக நடத்தியதுதான் அந்தக் கம்பெனியின் பெரிய சாதனை என்பது என் அபிப்பிராயம். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய சம்பவம் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. பஸ் நிற்கக் கூடாது. அப்போது டிவிஎஸ் கேஸ் பிளான்ட் தயாரித்தது: பஸ்ஸின் பின்னால் ஒரு உயரமான இரும்பு டிரம், அதற்குள் கரி, அரைகுறையாக எரிந்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். தாத்தா தலைமுறையில் 'கரி பஸ்' என்பார்களே, அது.

கரி வாயுவுக்கு பெட்ரோலின் வலு கிடையாது. எஞ்சின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மெதுவாக எரியும் வாயு என்பதால் பொறியை முன்னாடியே விழ வைக்க வேண்டும். காற்று எவ்வளவு விடுவது என்பதை டிரைவர் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது, எஞ்சின் அதே எஞ்சின், எரிபொருளை மட்டும் அரசாங்கமும் காலமும் மாற்றிவிட்டன. மாறியதற்கு ஏற்ப டியூனிங்கை மாற்றிக்கொள்ளும் வேலை கீழே பட்டறைக்காரர்கள் தலையில் விழுந்தது. இதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வருடம் கழித்து இதே கதை மறுபடி வருகிறது.

அடுத்தது புல்லட். ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு பைக் வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது, திருவொற்றியூரில் ஃபேக்டரி. முதலில் உதிரிகளாக வந்து இங்கே பூட்டினார்கள்; 1962 வாக்கில் எல்லாம் இங்கேயே தயாரானது. இங்கிலாந்தில் ரெடிச் ஃபேக்டரி 1967-ல் மூடிய பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. அறுபதுகளில் தயாரான மாதிரியை ஏறக்குறைய அப்படியே தொண்ணூறுகள் வரை விற்றார்கள். இதைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் நாற்பது வருடம் ஒரு எஞ்சின் மாறாமல் இருந்தால், அதைப் பற்றிய அறிவு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்த ஊரில் நின்றாலும் புல்லட் மெக்கானிக் கிடைத்தார் என்றால் காரணம் இந்த மாறாத தன்மைதான்.

புல்லட்டில் ரட்ஜ் காலத்து லீவர்கள் இல்லை. ஆனால் மூன்று விஷயமும் சொந்தக்காரன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. டேப்பெட் பார்க்க ஃபில்லர் கேஜ் கூட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பக்கத்து மூடியைக் கழற்றி புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தாராளமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. பாயின்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். டைமிங்குக்கு ஒரு சிகரெட் பேப்பர். பிஸ்டன் மேல் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி வைத்துக்கொண்டு, பாயின்ட் நடுவில் பேப்பரைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே இருந்தால், அது வழுக்கி வெளியே வரும் நொடிதான் பாயின்ட் திறக்கும் நொடி. (பீடி இதற்கு உதவாது, அது இலை.) பேப்பர் இல்லையா, ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டர் முள் இருக்கிறது. பாயின்ட் மூடியிருந்தால் முள் ஒரு பக்கம் சாயும், திறந்தால் நடுவுக்கு வரும். கிக்கர் அடிக்கவே அந்த முள்ளைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். பார்க்காமல் அடித்தவர்களுக்கு கணுக்கால் சாட்சி.

கார்புரேட்டருக்கு மிகார்ப் விஎம்24. இதில் ஏர் ஸ்க்ரூ என்று ஒரு சின்ன பித்தளைத் திருகு, ஏர் ஃபில்டர் பக்கமாக இருக்கும். அது காற்றைக் கட்டுப்படுத்துகிற திருகு. வெளியே திருகினால் காற்று கூடும், கலவையில் பெட்ரோல் குறையும். உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். மதுரை மெக்கானிக்குகளின் கைகளில் இந்தத் திசை ரத்தத்தில் ஊறியது. ஆர்எக்ஸ்100 வந்தபோதும் இது மாறவில்லை, அதுவும் விஎம் வகை கார்புரேட்டர்தான்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே வேகமாகத் தாண்டுகிறேன். 1985-ல் வந்த ஆர்எக்ஸ்100, அதற்கு முன்னால் ராஜ்தூத் 350, மைசூர் யெஸ்டி எல்லாமே வீட்டு வாசலில் பிரிக்கிற வண்டிகள்தான். வால்வே கிடையாது, ஒரு பிரச்சினை மிச்சம். ஞாயிற்றுக்கிழமை சைலன்சரைக் கழற்றி நெருப்பில் போட்டுக் கரியை எரித்தால் திங்கட்கிழமை வண்டி பறக்கும். தெருவே இருமும். 1991, 1996, 2000 என்று புகை வரம்பு படிப்படியாக இறுகியதில் இவை ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஆர்எக்ஸ்100 1996-ல் நின்றது. யெஸ்டி ஃபேக்டரியும் அதே வருடம் மூடியது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க பெட்ரோலில் ஈயம் நின்றது. ஈயம் விஷம், ஒழிந்தது நல்லது. ஆனால் அது வால்வு சீட்டுக்கு ஒரு மெத்தை போலவும் இருந்தது என்பதால் பழைய எஞ்சின்காரர்கள் உலகம் முழுக்கக் கவலைப்பட்டார்கள். கரி வாயுவுக்கு அடுத்து எரிபொருள் மாறிய இன்னொரு தருணம் அது.

இந்த இடத்தில்தான் கரிஸ்மா வருகிறது. பொறி நேரம் சொந்தக்காரன் கையை விட்டுப் போய்விட்டது. மைக்ரோபிராசசர் இக்னிஷன், பாயின்ட் இல்லை, சிகரெட் பேப்பருக்கு வேலை இல்லை. இதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. பாயின்ட் தேய்ந்து நடுரோட்டில் நின்றவர்கள் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். டேப்பெட் மட்டும் இன்னும் கைக்கு எட்டும்: ராக்கர் முனையில் திருகு, அதற்கு ஒரு லாக் நட். பக்க மூடியில் உள்ள ஓட்டை வழியாக ஃப்ளைவீலின் டி குறியைப் பார்த்து நேர் வைத்து, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்தானா என்று உறுதி செய்து, ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஹோண்டா மேனுவல்கள் எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போதுதான் இதைப் பார்க்கச் சொல்கின்றன. ஜப்பானில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். மே மாதம் மதுரையில் மதியம் நிழலில் நிற்கிற வண்டியே 35-க்கு மேல்தான் இருக்கும். எனவே கத்திரி வெயில் காலத்தில் டேப்பெட் வேலை என்றால் விடியற்காலை ஐந்தரை மணி. டேப்பெட் சத்தமா, டைமிங் செயின் சத்தமா என்பதும் அந்த அமைதியில்தான் பிரித்துக் கேட்கும். ஐடிலில் 'டிக் டிக்' என்று சீராக வந்தால் டேப்பெட். ஆக்சிலேட்டரை விடும்போது 'கரகர' என்று வந்தால் செயின் பக்கம் பாருங்கள்.

உண்மையான மாற்றம் கார்புரேட்டரில். கரிஸ்மாவில் இருப்பது சிவி வகை. பழைய விஎம் கார்புரேட்டரில் நாம் ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்தால் ஸ்லைடு நேராக மேலே ஏறும். திடீரென்று முறுக்கினால் எஞ்சின் தயாராகும் முன்பே வழி திறந்து, வண்டி ஒரு கணம் திணறும். சிவியில் கேபிள் ஒரு தகட்டை மட்டும்தான் திருப்பும். ஸ்லைடை ஏற்றுவது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம், ஒரு ரப்பர் டயாஃப்ரம் வழியாக. எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஏறும். சவாரி பட்டு மாதிரி இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் சரித்திர நோக்கில் பார்த்தால், கைக்கும் பெட்ரோலுக்கும் நடுவில் முதல் முறையாக ஒரு மூன்றாம் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு சின்ன மாற்றமும் உண்டு. சிவியில் ஐடில் கலவைத் திருகு எஞ்சின் பக்கம் இருக்கிறது. அது காற்றைக் கட்டுப்படுத்துவது இல்லை, பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும்! புல்லட், ஆர்எக்ஸ் இரண்டிலும் கை பழகியவருக்கு இது தலைகீழ். ஒரு வயதான மெக்கானிக் அண்ணன் என்னிடம் சொன்னது: "இருவது வருசமா இதையும் ஏர் ஸ்க்ரூனுதான் சொல்றோம் தம்பி. பேரு பழசு, தெச புதுசு." ஸ்லைடுக்கு எந்தப் பக்கம் திருகு இருக்கிறது என்று பார்த்துவிட்டால் குழப்பமே இல்லை: ஃபில்டர் பக்கம் என்றால் காற்று, எஞ்சின் பக்கம் என்றால் பெட்ரோல்.

அந்தத் திருகைப் பூட்டுகிற வேலை வேறு நாட்டில் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் 1978 முதல் பைக் புகைக்கு வரம்பு வந்தது. சொந்தக்காரன் வீட்டில் திருகி வரம்பைத் தாண்டிவிடக் கூடாது என்று திருகின் மேல் பித்தளை மூடி அடித்து அனுப்பினார்கள். அப்புறம் சாதாரணத் திருப்புளி நுழையாத, 'டி' வடிவத் தலையுள்ள திருகுகள் வந்தன. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு ஊரில் லட்சம் பேர் காதை நம்பி டியூன் செய்தால், பாதிப் பேர் பெட்ரோலைக் கூட்டித்தான் வைத்திருப்பார்கள், ஏனென்றால் அப்போதுதான் பிக்கப் நன்றாக இருக்கிற மாதிரி தோன்றும். நம் ஊரில் மத்திய மோட்டார் வாகன விதி 115 இருக்கிறது. 2000 மார்ச்சுக்குப் பிறகு தயாரான ஃபோர் ஸ்ட்ரோக் பைக் ஐடிலில் 3.5 சதவீதம் கார்பன் மோனாக்சைடு, 4500 பிபிஎம் ஹைட்ரோ கார்பனுக்கு மேல் விடக் கூடாது. வீட்டில் டியூன் செய்கிறவனுக்கு இது தொல்லை இல்லை, உதவி. காது சொல்வது சரியா என்று சரிபார்க்க ஒரு மெஷின் பெட்ரோல் பங்க் ஓரத்திலேயே கிடைக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டைப் போலீசுக்காக மட்டும் வைத்திருக்கிறவர்கள் ஒரு தடவை அதில் இருக்கும் நம்பரைப் படித்துப் பாருங்கள்.

இனி மலைக்குப் போவோம். மதுரைக்காரன் வேகமான வண்டி வாங்கினால் முதலில் போகும் இடம் கொடைக்கானல். சுமார் 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டி காட் ரோடு ஏறி, பெருமாள்மலை வந்ததும் வண்டி கொஞ்சம் கனத்த மாதிரி இருக்கும். ஐடிலில் விட்டு விட்டு அடிக்கும். குளிர் என்று நினைப்போம். விஷயம் காற்றில் இருக்கிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து 130 மீட்டர் போல, கொடைக்கானல் 2100. மேலே காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஏறக்குறைய 79 சதவீதம். கீழே 35 டிகிரி, மேலே 17 டிகிரி என்று வைத்துக்கொண்டால், குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தி என்பதால், அடர்த்தி 84 சதவீதத்தில் வந்து நிற்கிறது. கார்புரேட்டரில் கலவையின் கனம் காற்றடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் மாறும். கணக்குப் போட்டால் மதுரையில் சரியாக இருந்த கலவையில் கொடைக்கானலில் சுமார் 9 சதவீதம் பெட்ரோல் கூடுதல். சிவி கார்புரேட்டர் இதில் ஓரளவைத் தானே சமாளிக்கும், முழுக்க இல்லை. அந்தக் காலத்து ரட்ஜ்காரன் காற்று லீவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போயிருப்பான்.

இப்போது முதலில் சொன்ன எத்தனாலுக்கு வரலாம். 2003-ல் திட்டம் வந்ததே தவிர, பங்கில் பெரிதாக எதுவும் மாறவில்லை. பத்து வருடம் கழித்து 2013-14-லும் நாட்டுச் சராசரி 1.53 சதவீதம்தான். கரிஸ்மா தன் இளமை முழுக்கக் குடித்தது ஏறத்தாழ சுத்த பெட்ரோல். பிறகுதான் வேகம் எடுத்தது. 2022-ல் 10 சதவீதம், 2025-ல் 20. இன்று மதுரையில் சாதாரணமாக எந்த பங்கில் நின்றாலும் இ20 தான்.

பெட்ரோல் ஒரு கிராம் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும், அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. இருபது சதவீதம் கலந்தால் சுமார் 13.5. ஆனால் பழைய கார்புரேட்டரின் ஜெட்டுக்கு இது எதுவும் தெரியாது. அது ஓட்டையின் அளவுக்கு விட்டுக்கொண்டிருக்கும். ஆக, சுத்த பெட்ரோலுக்கு அளவெடுத்த வண்டி இ20-ல் ஓடும்போது சுமார் 8 சதவீதம் எரிபொருள் குறைவாக ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம், சோக்கை உடனே தள்ளினால் அணைவது, சீரான வேகத்தில் லேசான வெட்டு, நாலு வழிச் சாலையில் நீண்ட நேரம் முறுக்கினால் எஞ்சின் சூடு. ஏர் கூல்ட் எஞ்சினுக்கு மே மாத என்எச்44-ல் இது சின்ன விஷயம் கிடையாது.

மேலே ஏறினால் 9 சதவீதம் கூடுகிறது, இ20 ஊற்றினால் 8 சதவீதம் குறைகிறது. இரண்டும் ஏறக்குறைய கழிந்துவிடுகின்றன! அதாவது ஃபேக்டரி செட்டிங்கில் இருக்கும் கரிஸ்மா இன்றைக்குச் சரியான டியூனில் ஓடுகிற ஊர் கொடைக்கானல். இந்தக் கணக்கு முடிந்ததும் நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சமவெளியில்தான் அது சரியில்லை. வண்டி மாறவில்லை, ஊர் மாறவில்லை, ஊற்றுகிற திரவம் மாறிவிட்டது. கரி பஸ்ஸின் கதை மறுபடி.

அன்று பட்டறையில் இருந்தவர்கள் செய்ததைத்தான் இப்போதும் செய்ய வேண்டும். ஐடிலுக்கு அந்தத் திருகை வெளியே கால் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் ஐடில் வேகம் ஏறி நிற்கும் இடத்தைப் பார்த்து, பிறகு ஐடில் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறைக்க வேண்டும். நடு வேகத்துக்கு ஜெட் ஊசி. பழைய விஎம் ஊசியில் ஐந்து பள்ளம் இருக்கும், கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். சிவி ஊசிகளில் பெரும்பாலும் ஒரே நிலைதான். அதற்கு ஊசித் தலைக்குக் கீழே அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று போடுவது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். முழு வேகத்துக்கு மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரியது. ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு ரிங் ரோட்டில் ஒரே வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் இன்னும் குறைவு, கரியாக இருந்தால் அதிகம், காபித்தூள் நிறம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது பொறுமை சம்பந்தப்பட்டது. மெக்கானிக் கடையில் வரிசையில் ஆறு வண்டி நிற்கும்போது யாருக்கும் அது முடியாது. வீட்டில் செய்வதன் லாபம் கூலி இல்லை, இந்த நேரம்தான்.

எத்தனால் வேறு இரண்டு வேலையும் செய்யும். பழைய ரப்பர் டியூப், ஓ ரிங், ஃப்ளோட் ஊசியின் முனை இவற்றைக் கெட்டியாக்கும் அல்லது ஊதவைக்கும். ஈரத்தை இழுக்கும்; ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கலாம். நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்து நிறுத்துங்கள். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை டயாஃப்ரம் ரப்பரில் படவிடாதீர்கள். அது கிழிந்தால் ஸ்லைடு ஏறாது, வண்டி நாற்பதுக்கு மேல் இழுக்காது.

கறுப்புப் பெட்டியின் காலம் எப்போது வந்தது என்றால், அது நேர்க்கோட்டில் வரவில்லை. பஜாஜ் 2007-ல் பல்சர் 220-ஐ ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு விட்டது. 2009-ல் அதே வண்டியைக் கார்புரேட்டருக்குத் திருப்பி, குறைந்த விலையில் விற்றது, அதுதான் ஓடியது. அதே 2009-ல் ஹீரோ ஹோண்டா இன்ஜெக்‌ஷனோடு கரிஸ்மா இசட்எம்ஆர் விட்டது, பக்கத்திலேயே கார்புரேட்டர் கரிஸ்மாவும் விற்றது. நம்ம ஆட்கள் கார்புரேட்டரை விட மனசில்லாமல் இன்னும் பத்து வருடம் வைத்திருந்தார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்துதான் கதையை முடித்தது. இப்போதைய வண்டியில் சைலன்சருக்குப் போகும் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. எத்தனால் கூடினாலும் மலை ஏறினாலும் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஏற்றி இறக்கிக்கொள்ளும். ரட்ஜ்காரன் கையால் செய்ததை நொடிக்குப் பல தடவை செய்கிறது. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.

கார்புரேட்டர் வண்டிகளுக்கு நெருக்கடி இரண்டு பக்கம். ஒன்று பெட்ரோல். இன்னொன்று காகிதம். 15 வருடம் தாண்டிய பைக்குக்கு ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1000 ஆனது. 20 வருடம் தாண்டியவைக்கு 2025 ஆகஸ்டில் 2000 ஆனது. 2003-ல் வந்த கரிஸ்மாக்கள் அந்த இருபதைத் தாண்டிவிட்டன. பணம் பெரிய பணம் இல்லை. ஆனால் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிற, வெட்டி வெட்டி ஓடுகிற வண்டிக்கு யாரும் 2000 கட்ட மாட்டார்கள். காயலான் கடைக்குத்தான் போகும். கலவை 8 சதவீதம் தப்பியதால் மட்டுமே "எஞ்சின் போச்சு" என்று தள்ளிவிடப்பட்ட வண்டிகள் இருக்கும் என்று நான் பலமாகச் சந்தேகிக்கிறேன். வாங்கியவர்கள் அவற்றை உதிரியாக விற்பார்கள், அந்த உதிரியைத் தேடி என்னைப் போன்றவர்கள் சென்னை புதுப்பேட்டைக்குப் போவோம்.

என் வண்டியில் இப்போது ஊசிக்குக் கீழே ஒரு வாஷர், மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரியது, கலவைத் திருகு முன்பை விட அரைச் சுற்று வெளியே. மதுரையில் ஐடில் சீராக நிற்கிறது, புகைப் பரிசோதனையில் வரம்புக்குள் வருகிறது. கொடைக்கானலில் மட்டும் இனி மறுபடி பெட்ரோல் கூடுதலாக இருக்கும். அதற்கு ஒரு சின்னத் திருப்புளியும் மாற்று பிளக்கும் டூல் பையில் இருக்கின்றன. பெருமாள்மலையில் டீ குடிக்கும்போது அரைச் சுற்று உள்ளே, இறங்கும்போது அரைச் சுற்று வெளியே.